இடது பக்கத்து மெழுகு

நடந்தவை, வரிசைப்படி:

1. விடுமுறைக்கு மந்தைவெளி வந்த மறுநாள் காலை, அப்பாவின் கருநீலக் காரில் சாய்ந்து நின்றேன். உள்ளங்கை வெள்ளையாகிவிட்டது.

2. மோந்து பார்த்தேன். தூசி இல்லை, வாக்ஸ், வண்டிக்குப் பளபளப்பு ஏற்றும் மெழுகு. கதவின் அடியில் ஓடும் கறுப்புப் பிளாஸ்டிக் பட்டையிலும் சன்னல் ரப்பரிலும், துடைக்காமல் விட்ட மெழுகு சுண்ணாம்பு போலக் காய்ந்திருந்தது.

3. பதினோரு வருடமாக அந்த வண்டி கண்டது தண்ணீரும் பழைய வேட்டித் துணியும்தான்.

4. வண்டியைச் சுற்றி வந்தேன். மெழுகு இடது பக்கம் மட்டும்.

5. கேட்டேன். "நீ வர்றியேன்னு பளபளன்னு போட்டு வச்சேன்மா" என்றார் அப்பா. அம்மா அடுப்பைப் பார்க்க உள்ளே போனாள். அடுப்பில் எதுவும் இல்லை.

நான் ஜெர்மனியில் ஒரு சிறிய ஊரில், வாகனப் பெயிண்டைச் சோதிக்கும் கூடத்தில் வேலை செய்கிறேன். பளபளப்பை நம்பாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். மகள் வருகிறாள் என்று மெழுகு போடுகிறவர் ஒரு பக்கத்துக்கு மட்டும் ஏன் போட வேண்டும்? ஞாயிற்றுக்கிழமை விமான நிலையத்துக்குத் தானே கொண்டுவிடுவதாக வேறு சொல்லியிருந்தார்.

சந்தேகம் எனக்கு அந்த ஊரில்தான் பழகியது என்று சொன்னால் அது அந்த ஊருக்குச் செய்யும் அநியாயம். போன முதல் வருடம், ஒரு சனிக்கிழமை, வாளியோடு தெருவில் இறங்கி என் பழைய காரைக் கழுவத் தொடங்கினேன். எதிர்வீட்டுப் பெரியவர் வெளியே வந்து காரைக் காட்டினார், என்னைக் காட்டினார், "ஃபெர்போட்டன்" என்றார். கூடாது என்ற அந்த ஒரு சொல் புரிந்தது. திருட்டு வண்டி என்று நினைக்கிறார் என முடிவு செய்து, மாடிக்கு ஓடி வண்டியின் பதிவுச் சான்றை எடுத்து வந்து நீட்டினேன். அவர் அதைப் பொறுமையாகப் படித்து, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தெருவோரத்துச் சாக்கடைச் சல்லடையைக் காட்டினார். சோப்புத் தண்ணீர் அதில் இறங்கக் கூடாது என்பது அங்கே சட்டம். அவருடைய சந்தேகம் என்மேல் இல்லை, என் வாளியின்மேல். மந்தைவெளியில் ஒரு தெருவின் அத்தனை வண்டியும் காலையில் குளித்து, தண்ணீர் அடுத்த தெரு வரை போகும். யாரும் யாரையும் எதையும் கேட்பதில்லை. கேட்காததால் சொல்லாமலும் இருந்துவிடலாம்.

மருந்துக் கடையில் ஸ்பிரிட் வாங்கினேன். பிளாஸ்டிக்கின் சொரசொரப்பில் அடைந்த மெழுகைப் பென்சில் ரப்பரால் தேய்த்தால் திரி திரியாக உருண்டு வரும். அதனால் ஸ்டேஷனரி கடையில் நான்கு ரப்பர். "பாப்பா எத்தினாவது படிக்குது?" என்றார் கடைக்காரர். "பதினோரு வயசு ஆவுது" என்றேன். காரின் வயது அதுதான்.

ஸ்பிரிட்டில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, முதலில் கதவின் உள்விளிம்பில் ஒரு விரல் அகலம் சோதித்தேன். நிறம் துணியில் வரவில்லை. பிறகு வெளியே துடைத்தேன். மெழுகு போனதும் அடியில் உப்புத்தாள் தேய்த்த கோடுகள். முன்கதவு ஒரு நீலம், பின்கதவு வேறொரு நீலம். இரண்டும் வெவ்வேறு நாளில் அடித்த பெயிண்ட்.

எங்கள் தெருவில் வண்டி துடைக்கும் மஸ்தான் பாய் வந்து பின்னால் நின்றார்.

"இன்னாம்மா, நான் போட்டத்த நீ எடுத்துக்கினு கீற?"

"போட்டா துடைக்கணும் பாய். இப்படியா காயவிடுவாங்க?"

"தொடைக்காத, திக்கா கெடக்கட்டும்னாரு உங்கப்பா. வாத்தியார் சொன்னா கேக்கணும்ல?" அப்பா பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தவர்.

"எத்தனை தடவை இடிச்சார்?"

பாய் மேலே பால்கனியைப் பார்த்துக்கொண்டார். "ரெண்டு தபா. ஒரு தபா மெட்ரோ தடுப்பு, ஒரு தபா கீழ இந்தத் தூணு. உன்னாண்ட சொல்லாதன்னாரு. நான் சொல்லல, இன்னா?"

இரண்டும் இடது பக்கம்.

மாலையில் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு, அப்பாவின் இடப்புறமாகப் போய், சத்தமில்லாமல் முகத்தின் பக்கவாட்டில் நீட்டினேன். அவர் நேராகப் பார்த்தபடி, "காபி இன்னும் வரலையா?" என்று சமையலறைக்குக் குரல் கொடுத்தார்.

"இடது கண்ணு எப்பலேர்ந்துப்பா?"

அவர் திரும்பினார். டம்ளரைப் பார்த்தார். அம்மாதான் முதலில் பேசினாள். "ரெண்டாவது தடவைக்கப்புறம் எனக்கும் சந்தேகம்தான். கேட்டா கண்ணாடி மாத்தணும்னார். அவ்ளோ தூரத்துல இருக்கிற உன்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது?"

"எங்கிட்ட மறைக்கிறதுக்கு பாய்க்கு வேலை குடுத்திருக்கீங்க" என்றேன்.

அப்பா டம்ளரை வாங்கிக்கொண்டார். "போன குளிர்காலத்துல நாலு நாள் வெளியூர்ல மீட்டிங்னு வீடியோ கால்ல வந்தியே. உன் பின்னாடி தொங்குச்சே, அது ஆஸ்பத்திரி திரை. ஒரு கண்ணாலேயே எனக்குத் தெரிஞ்சுதும்மா."

குடல்வால் அறுவை சிகிச்சை. யாருக்கும் சொல்லவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையில், இடித்த காரும் நானும் ஒரே வரிசையில் நின்றோம்.

மறுநாள் அடையாற்றில் ஒரு கண் மருத்துவரைப் பார்த்தோம். கண்ணுக்குள் நீரழுத்தம் ஏறி ஏறி நரம்பைத் தின்றிருக்கிறது. போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார். வீட்டுக்கு வந்ததும் அப்பா கார்ச் சாவிகள் இரண்டையும் மேசையில் வைத்தார். "வீட்ல இருந்தா எடுக்கத் தோணும். நீயே வச்சிக்கோ" என்றார். ஞாயிற்றுக்கிழமை கால் டாக்சியில் போனேன்.

இப்போதைய நிலை இது. அப்பா இரவில் ஒரு வேளை கண்ணுக்குச் சொட்டு மருந்து போடுகிறார். பின் சன்னல் ரப்பரில் நான் எடுத்து முடிக்காத மெழுகு இன்னும் இருக்கிறது. வீடியோ காலில் வண்டி எப்படி இருக்கிறது என்று கேட்டால் "ஜோரா இருக்கு" என்கிறார். இத்தனை நாள் கிளப்பாத வண்டியில் பேட்டரி செத்திருக்கும் என்று எனக்குத் தெரியும். கேமராவைத் திருப்பிக் காட்டச் சொல்கிறேன். காட்டிவிட்டு, இப்போது உன் அறையைச் சுற்றிக் காட்டு என்கிறார். நான்கு சுவரையும் காட்டுகிறேன். வண்டி மந்தைவெளியில் நிற்கிறது. அதன் சாவிகள் இரண்டும் இங்கே, என் வீட்டுச் சாவி மாட்டும் ஆணியில்.