ஏழு உலகங்களை எரித்தவனின் குரல்

பல வருடங்களாக எனக்கு ஒரு விஷயத்தில் மட்டும் நிம்மதி இருந்தது. வீட்டில் நான் குரலை உயர்த்தியதில்லை. நாங்கள் சமணர்கள், மேல்சித்தாமூரிலிருந்து செஞ்சிக்கு வந்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை வியாபாரம் செய்கிற குடும்பம். கையால் மட்டுமில்லை, வாயாலும் ஓர் உயிரை நோகடிக்கக் கூடாது என்று கேட்டு வளர்ந்தவன் நான். என் படிப்பு பத்தாவதோடு நின்றது. விரதங்களில் பலவற்றில் வழுக்கியிருக்கிறேன். இதில் வழுக்கவில்லை என்று தினமும் பகவான் முன்னால் நின்று சொல்லிக்கொள்வேன்.

போன வருடம், கல்லூரி முடித்து வீட்டிலிருந்த என் மகளுக்கு ஒரு வேலை கிடைத்தது. வீடியோ கேம் ஒன்றுக்குத் தமிழில் குரல் கொடுக்க வேண்டும். பின்னறைச் சுவரெல்லாம் என்னுடைய காலிக் கோணிகளை மடித்துத் தொங்கவிட்டாள். அப்படிச் செய்தால் எதிரொலி வராதாம். ஃபேனை நிறுத்திவிட்டு, வியர்க்க வியர்க்க உள்ளே நின்று பேசுவாள். திண்டிவனம் சாலையில் பஸ் ஹாரன் அடித்தால் மறுபடி முதலிலிருந்து பேச வேண்டும்.

வேற்றுக் கிரகத்துக்காரர்கள் பூமியைப் பிடிக்க வருகிற கதை அது. அவர்களில் கெட்டவர்கள் ஒவ்வொருத்தருக்கும் ஒரு பேச்சு உண்டு. பூச்சி மாதிரி இருக்கும் படைவீரன் வார்த்தைக்கு வார்த்தை நாக்கைச் சொடுக்குவான். இன்னொருத்தனுக்கு நுரையீரலே கிடையாது. அதனால் மூச்சு விடாமல், எங்கும் நிறுத்தாமல் பேசுவான். சாப்பிடும்போது அவள் இதையெல்லாம் பேசிக் காட்டுவாள். என் மனைவி சிரித்துச் சிரித்து ஒரு நாள் குழம்பைத் தட்டுக்கு வெளியே ஊற்றிவிட்டாள். ஏழு உலகங்களை எரித்த தலைவன் எப்படிப் பேசுவான் என்று நான் கேட்டேன். அவன் குரல்தான் இன்னும் கிடைக்கவில்லை என்றாள். கத்திப் பார்த்தாளாம், உறுமிப் பார்த்தாளாம். கத்துகிறவனைக் கண்டு யாரும் பயப்பட மாட்டார்கள் என்று கம்பெனிக்காரர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.

ஒரு நாள் மத்தியானம் கடையிலிருந்து சாப்பிட வந்தேன். பின்னறையில் ஓர் ஆண் குரல் கேட்டது. தலைவனுக்காக அவள் பேசியதைக் கம்ப்யூட்டரில் கட்டைக் குரலாக மாற்றிப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வாருங்கள். உட்காருங்கள். கதவுகளை அடைத்தது யார்? அவசரம் இல்லை. யோசித்துச் சொல்லுங்கள்."

ஒவ்வொரு பேச்சுக்கும் நடுவில் நீளமாக ஓர் இடைவெளி. அந்த இடைவெளியில் சின்னதாக ஓர் 'உம்'. குடத்தில் தண்ணீர் மொள்ளப் போன கை அப்படியே நின்றது. அது நான். நான் பேசுவது.

சாயங்காலம் கோயிலில் ஐந்து வணக்க மந்திரத்தைச் சொல்ல ஆரம்பித்தால் என் வாயிலிருந்து அந்தத் தலைவன் பேசுகிற மாதிரி இருந்தது. பாதியில் எழுந்து வந்துவிட்டேன். சாமி கும்பிடுகிற குரலை எடுத்து அரக்கனுக்குக் கொடுத்துவிட்டாளே என்று மனைவியிடம் முறையிட்டேன். அவள் முறத்தில் அரிசிக்குக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"அது சாமி கும்பிடுற கொரலு இல்லீங்க. கையெழுத்தக் கேட்ட கொரலு."

மூன்றாவது படிக்கும்போது மகள் ரேங்க் கார்டில் என் கையெழுத்தைத் தானே போட்டுவிட்டாள். எனக்கு அது ஞாபகம் இருந்தது. அவளை அடிக்காமல், திட்டாமல், மரியாதையாகக் கூப்பிட்டு உட்கார வைத்து விசாரித்தேன். அன்றைக்கு என் பொறுமையை நானே மெச்சிக்கொண்டேன்.

"ரெண்டு அறை வெச்சிருந்தா அழுதுட்டுத் தூங்கியிருப்பா," என்றாள் மனைவி. "நீங்க வாங்க, உட்காருங்கன்னீங்க. கொழந்த பாவாடையிலயே ஒண்ணுக்குப் போயிட்டா. நான்தான் அலசிப் போட்டேன்."

இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "உங்ககிட்ட எப்படிச் சொல்றது," என்றவள் முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

என் பிள்ளை இன்னும் என்னைப் பார்த்துப் பயப்படுகிறாளா? அது ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டும். ஆனால் எப்படிக் கேட்பது? கூப்பிட்டு உட்கார வைத்து நிதானமாகக் கேட்டால் நான் அதே ஆள்தானே. கடையில் தனியாக இருக்கும்போது வேறு வேறு விதமாகக் கேட்டுப் பார்த்தேன். சிரித்துக் கேட்டால் இன்னும் பயங்கரமாக இருந்தது. மூட்டை தூக்குகிறவர் எட்டிப் பார்த்து, "இன்னா மொதலாளி, கோணிகிட்ட வெல பேசுறீங்களா?" என்றார்.

கடைசியில் பேசாமலே இருந்தேன். நாலு நாள். பேசாமல் இருந்தாலும் பிள்ளைக்கு அதே பயம்தான் என்று மனைவி சாடையாகச் சொன்னாள். நாலாம் நாள் மகளே கதவோரம் வந்து நின்றாள்.

"அம்மா சொன்னாங்க. அந்தத் தலைவன் வேணாம்னா வுட்டுர்றேன் நைனா. நாளைக்குச் சென்னைக்குப் போயி சொல்லிட்டு வந்துர்றேன்."

வேண்டாம், விடாதே என்றுதான் சொல்ல நினைத்தேன். வாயில் வந்தது வேறு. "அப்படியா. உங்க இஷ்டம்மா." அவள் விரல்கள் துப்பட்டாவின் நுனியை இறுக்கிப் பிடித்ததைப் பார்த்தேன்.

மறுநாள் விடிகாலை பஸ்ஸில் போனாள். சாயங்காலம் ஐந்துக்கு வர வேண்டியவள் ஆறாகியும் வரவில்லை. போன் அணைந்திருந்தது. பொழுது சாய்ந்தால் சாப்பிடக் கூடாது என்பது எங்கள் விரதம், வீட்டில் யாரும் சாப்பிடுவதில்லை. மனைவி எடுத்து வைத்ததைத் தொடாமலே பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். திண்டிவனத்திலிருந்து வருகிற ஒவ்வொரு பஸ்ஸாகப் பார்த்தேன். பிள்ளைக்கு ஏதாவது ஆகியிருந்தால், அவள் என் வாயிலிருந்து கடைசியாகக் கேட்ட பேச்சு அந்த 'உங்க இஷ்டம்மா'தானா என்று திரும்பத் திரும்ப நினைத்தேன். பகவானிடம் எதையும் கேட்கக் கூடாது என்பது எங்கள் நெறி. அன்று கேட்டேன்.

ஏழரைக்கு ஒரு பஸ்ஸிலிருந்து இறங்கினாள்.

"எங்கடி போன? செத்துட்டேன்டி நான்."

என் அடிவயிற்றிலிருந்து வந்தது. அப்படி ஒரு குரல் எனக்கு இருப்பது எனக்கே தெரியாது. பூக்காரம்மா கட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். கத்தியது கத்தியதுதான் என்று அதே குரலில் அதையும் கேட்டுவிட்டேன். "என்னப் பாத்தா பயமா உனக்கு?"

மகள் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். போனில் சார்ஜ் போய்விட்டதாம். திண்டிவனத்துக்கு முன்னாலேயே டயர் பஞ்சராம். அதையெல்லாம் சொல்லிவிட்டுத்தான் இதைச் சொன்னாள்.

"பயந்தான் நைனா. ஆனா இப்ப கத்துனீங்களே, அதுக்கு இல்ல."

வீட்டுக்கு நடந்தோம். வேலையை விட்டுவிட்டாயா என்று கேட்டேன். சொல்லத்தான் போனாளாம், வாய் வரவில்லையாம். இன்னும் இரண்டு காட்சி பாக்கி இருக்கிறதாம். பேசு என்றேன்.

"அதே கொரல்லயா?"

"எங்கிட்ட இருக்கறதுக்கு அது அவன்கிட்ட இருக்கட்டும்."

அவள் சிரிக்கவில்லை. யாரும் கேட்பதையே நானும் கேட்டேன். "சாப்டியா?"

ஒரு மெடிக்கல் கடை வெளிச்சத்தில் நின்று என் முகத்தைப் பார்த்தாள்.

"திண்டிவனத்துல ரெண்டு இட்லி. இருட்டுனதுக்கு அப்புறந்தான்."

எங்கள் வீட்டில் விரதம் மீறியதை இப்படி நேராக என்னிடம் யாரும் சொன்னதில்லை. சொல்லிவிட்டு அவள் காத்திருந்தாள். என் வாயிலிருந்து என்ன வரப்போகிறதோ என்று எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

"சூடா இருந்துச்சா?" என்று கேட்டேன்.