ரத்தத்தில் ஓர் அரியர்

ரத்தம் எடுக்கும்போது உதைக்கிற குழந்தைகளுக்குக் கொசு அக்கா மார்க்கைக் குறைத்துவிடுகிறார் என்று ஒரு பேச்சு. அது கிளம்பிய இடம் சலூன். அதுவும் கொசு அக்காவின் கணவர் வைத்திருக்கும் சலூன். கழுத்தில் துணியைக் கட்டிக்கொண்டு, கத்தரி காதோரம் வந்த நேரம் பார்த்து ஒருவர் சொல்லியிருக்கிறார்: "என் பையன் லேசா ஒரு உதைதாங்க விட்டான். அதுக்குப் போய் நாப்பது போட்டுட்டாங்க உங்க வீட்டுல."

கணவர் கத்தரியை நிறுத்தவில்லை. ஒரு பக்கக் கிருதாவை மட்டும் கொஞ்சம் மேலே ஏற்றிவிட்டார்.

ரத்தத்துக்கு ஏது மார்க் என்று கேட்பவர் இந்தத் தெருவுக்குப் புதியவராகத்தான் இருக்க வேண்டும். கொசு பரப்பும் மூளைக்காய்ச்சலுக்குக் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டார்கள். போடுவதற்கு முன் ஒரு முறை, போட்ட பின் ஒரு முறை ரத்தம் எடுத்து, உடம்பில் எதிர்ப்புப் பொருள் எவ்வளவு ஊறியிருக்கிறது என்று பார்க்கிறார்கள். சுகாதார மையத்தின் பின்பக்க அறையில் அந்த ரத்தத்தை எடுப்பவர்தான் கொசு அக்கா. பெயர் வைத்தது குழந்தைகள். ஜன்னல் வலையில் ஒரு ஓட்டை. அதன் வழியாக நிஜக் கொசுவும் வந்து போகிறது. ஒரே அறையில் இரண்டு பேருக்கும் ஒரே தொழில்.

வதந்தியைச் சரிபார்ப்பது சிரமமாக இல்லை. உதைப்பதில் அந்த வட்டாரத்திலேயே பெயரெடுத்தவன் மளிகைக்கடைக்காரரின் மகன். அக்காவின் முழங்காலை வீங்க வைத்து, ஸ்டூலையும் உடைத்தவன். அவனுக்கு எவ்வளவு வந்தது? அறுநூற்று நாற்பது. தெருவிலேயே முதலிடம். கை நீட்டிச் சமர்த்தாக உட்கார்ந்த குழந்தைகள் பலர் இருபதிலும் நாற்பதிலும் நிற்கிறார்கள். ஆக, வதந்தி பொய். ஆனால் மார்க் என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று நூல் பிடித்துப் போனால், அது நேராகக் கொசு அக்காவின் வாயில் போய் முடிகிறது.

அக்கா முன்பு வேலை பார்த்தது கால்நடை மருத்துவமனையில். அங்கே நாய்களின் காலைப் பிடித்து நரம்பு தேடுவார். "நாய் கடிக்கும். ஆனா நாயோட அம்மா வந்து சண்டை போடாது" என்பது அந்தக் காலத்தைப் பற்றி அவருடைய ஏக்கம். அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. நரம்பு தேடித் தட்டிப் பழகிய ஆள்காட்டி விரல் சாப்பிடும்போதுகூட மேசையைத் தட்டிக்கொண்டே இருக்கும். எதிரில் வருகிறவர்களுக்கு முகம் உண்டு என்பதையே அவர் தாமதமாகத்தான் கவனிப்பார், முதலில் முழங்கை. பஸ்ஸில் கண்டக்டரின் கையில் பிரமாதமான ஒரு நரம்பு ஓடுவதைப் பார்த்துக்கொண்டே இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போனவர். கணவர் முடியை எடுக்கிறார், மனைவி ரத்தத்தை எடுக்கிறார். அந்த வீட்டைத் தாண்டும்போது குழந்தைகள் ஓட்டமெடுப்பதில் ஆச்சரியமில்லை.

இப்படிப்பட்ட அவசரக்காரர், முடிவுகள் வந்த ஒரு நாள், அழுத பெண் குழந்தை ஒன்றைச் சமாதானப்படுத்த, காத்திருந்த அத்தனை அம்மாக்களுக்கும் கேட்கும்படி சொன்னார்: "எதுக்குடா செல்லம் அழுற? நீ முந்நூத்தி இருபது மார்க் வாங்கியிருக்கே!"

குழந்தை அழுகையை நிறுத்திவிட்டது. அம்மாக்கள் ஆரம்பித்துவிட்டார்கள்.

"என் பொண்ணுக்கு எண்பதுதானே சொன்னீங்க? மறுகூட்டல் உண்டா?"

"ஒரே கம்பெனி மருந்துதானே? அவங்களுக்கு மட்டும் எப்படி?"

"பீட்ரூட் குடுத்தா ஏறுமாங்க?"

டாக்டர் வெளியே வந்து விளக்கிப் பார்த்தார். ஒரு டம்ளர் சர்பத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போகிறோம், எவ்வளவு ஊற்றியும் இனிப்பு தெரிகிறதோ அதுதான் அந்த எண். பத்து மடங்கு ஊற்றியும் தெரிந்தால் இந்த நோய்க்குப் போதும். அதற்கு மேல் வருவதெல்லாம் பெருமைக்கு உதவுமே தவிர வேறு எதற்கும் இல்லை என்றார். "அப்போ பத்துதான் பாஸ் மார்க்கா?" என்று கேட்டார்கள். டாக்டர் உள்ளே போய்விட்டார்.

போகிற போக்கில், அறுநூற்று நாற்பதுக்காரனை ஏதோ ஒரு கொசு முன்பே கடித்து, கிருமியை உடம்புக்கு அறிமுகம் செய்து வைத்திருக்கலாம், முதலில் எடுத்த ரத்தத்திலேயே அதன் தடயம் இருந்தது என்றும் சொல்லிவிட்டார். "அப்படின்னா தனியா டியூஷன் போயிருக்கான்" என்றது ஒரு குரல். மளிகைக்கடைக்காரரின் மனைவி அந்தக் குரலுக்குச் சொந்தக்காரியோடு இன்றுவரை பேசுவதில்லை.

டியூஷன் என்றதும் கதையின் நடுப்பகுதிக்கு வந்துவிட்டோம். தெருவில் பாதிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தருபவர் டியூஷன் மிஸ். அவருடைய ஒரே மகளைச் சுண்டெலி என்று கூப்பிடுவார்கள், ஆறு வயது. சுண்டெலிக்கு எதிர்ப்புப் பொருள் பத்தைத் தொடவில்லை. தடுப்பூசி சில உடம்புகளில் முதல் முறை பிடிக்காது. யார் தவறும் இல்லை. இன்னொரு ஊசி போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். அப்படிப்பட்ட குழந்தைகளை மட்டும் வரச் சொல்லித் தனியாக ஒரு நாள் ஒதுக்கினார்கள். அந்த நாளுக்குத் தெரு வைத்த பெயர்: அரியர்.

மற்ற குழந்தைகள் வந்தார்கள். சுண்டெலி வரவில்லை. இன்னொரு நாள் ஒதுக்கினார்கள். அன்றும் வரவில்லை. மழை பிடித்துக்கொண்டது. தெருக்கோடியில் தண்ணீர் தேங்கி, அதில் கொசுப்புழுக்கள் நெளிந்தன. கொசு அக்காவின் விரல் இப்போது மேசை, கதவு, கணவரின் முதுகு என்று எதையும் விடாமல் தட்டியது.

"போய்ப் பேசிட்டு வந்துடு. என் முதுகுல ஒண்ணும் கிடைக்காது" என்றார் கணவர்.

போனார். வகுப்பு நடந்துகொண்டிருந்தது.

"சுண்டெலி இல்லீங்களா மிஸ்?"

"ஊருக்குப் போயிருக்கா. அவ அத்தை வீட்டுக்கு."

"நான் இங்கதான் இருக்கேன்" என்றது கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு குரல்.

வகுப்பு மொத்தமும் சிரித்தது. மிஸ் அவர்களை வாய்ப்பாட்டை ஐந்து முறை எழுதச் சொல்லிவிட்டு, அக்காவைச் சமையலறைக்குள் தள்ளிக்கொண்டு போனார்.

"நான் மத்தவங்க பிள்ளைங்களைப் பாஸ் பண்ண வைக்கிறவ. என் பொண்ணு அரியர் எழுத வந்து நிக்கணுமா? நாளைக்கு எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் பாடம் நடத்துவேன்?"

"இது பரீட்சையே இல்ல மிஸ்."

"மார்க்குன்னு சொன்னது யாரு? நானா?"

அக்காவின் விரல் நின்றுவிட்டது. அது நின்று பார்த்தவர்கள் குறைவு.

"நான்தான். வாய் தவறிடுச்சு. அது மார்க் இல்ல, ஒண்ணும் இல்ல. குழந்தை அழுதுச்சு, என்ன சொல்றதுன்னு தெரியல, சொல்லிட்டேன். என்னை நாலு வார்த்தை திட்டிக்கோங்க. ஆனா வெளியில தண்ணி நிக்குது மிஸ். கொசுவுக்கு நீங்க யாருன்னு தெரியாது."

மிஸ் அடுப்பைத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்திருந்த அடுப்பு. அதற்குள் சுண்டெலி கதவிடுக்கில் வந்து நின்றது.

"நான் வரேன். ஆனா அக்காவையும் குத்தணும்."

"என்னடி பேசுற?"

"எல்லாரையும் அவங்கதான் குத்துறாங்க. அவங்களை யாரு குத்துறாங்க? நான் பார்க்கணும்."

இது நியாயமான கேள்வி. அக்கா வெளுத்துப்போனார். இத்தனை வருடத்தில் ஒரு தெருவையே குத்தியவர், தன் கையில் ஊசி என்றால் மயங்கி விழுவார் என்பது கணவருக்கு மட்டும் தெரிந்த ரகசியம். ஆனாலும் அவசரக்காரர் ஆயிற்றே. "சரிடா. உனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு" என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் காலையிலேயே மிஸ் சுகாதார மையத்துக்கு வந்தார். பின்வாசல் வழியாக இல்லை; முன்வாசல் வழியாக, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு. காத்திருந்தவர்களில் ஒருத்தி, "என்ன மிஸ், அரியரா?" என்றாள்.

"ஆமா. எழுதாம விட்டாத்தான் அசிங்கம்" என்றார் மிஸ்.

கேட்டவள் நகர்ந்து மிஸ்ஸுக்கு இடம் விட்டாள்.

சுண்டெலிக்கு ஊசி போட்டாயிற்று. சத்தமே இல்லை. போட்ட இடத்தைப் பஞ்சால் அழுத்திக்கொண்டு, "இப்போ நீங்க" என்றது. அக்கா டாக்டரைப் பார்த்தார். டாக்டர், "இது குழந்தைங்களுக்கு வந்த மருந்து. உங்க விளையாட்டுக்கெல்லாம் கிடையாது" என்று கையை விரித்தார். அக்காவின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. சுண்டெலி அதைக் கவனித்துவிட்டது.

ஊசி போட்டால் மட்டும் போதாது. பிடித்ததா என்று தெரிய ஒரு மாதம் கழித்து மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும். அந்த மாதமும் முடிந்தது. மழை இன்னும் விடவில்லை. அதே மையத்தின் வராந்தாவில் ஓர் ஆள் பெரியவர்களுக்குச் சர்க்கரை, ரத்தசோகை பார்க்க ரத்தம் எடுக்கிறார். அதற்குக் கையைக் குத்தத்தான் வேண்டும், மருந்து தேவையில்லை. இதை எப்படியோ விசாரித்து வைத்துக்கொண்டு வந்திருந்தது சுண்டெலி.

"முதல்ல உங்களோடது" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றது.

"இன்னிக்கு அந்த ஆளு வரலடா."

"வந்திருக்காரு. வெளியில டீ குடிக்கிறாரு."

மிஸ் மகளை அதட்டவில்லை. அவரும் பார்க்க வேண்டும் என்றுதான் நின்றார். அக்கா சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டினார். தன் நரம்பைத் தானே தட்டினார். நல்ல நரம்பு, யாராக இருந்தாலும் ஒரே குத்தில் எடுத்துவிடலாம். அதைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டார். சட்டைக் கை தானாகக் கீழே இறங்கியது.

"நாளைக்குக் கண்டிப்பா" என்றார்.

"அப்போ நானும் நாளைக்குத்தான்" என்றது சுண்டெலி.

ரத்தம் பிடிக்கும் குழாய் காலியாகக் கிடந்தது. சுண்டெலிக்கு ஊசி பிடித்ததா இல்லையா என்று தெருவில் ஒருவருக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. 'நாளைக்கு' என்று சொல்லி இன்றோடு நான்கு நாள் ஆகிறது. டீ குடிக்கப் போன ஆள் தினமும் நேரத்துக்கு வந்துவிடுகிறார். கொசு அக்காதான் அவர் இருக்கும் வராந்தா பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு போகிறார். அக்கா வாங்க வேண்டிய ஒரு குத்து, பாக்கி.