ஆடியில் வீடு பிடித்துக் கொடுத்த கோதண்டம்

செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து காலையில் போன் வந்தது. பேசியவள் என் நண்பர் கோதண்டத்தின் மகள் செல்வி. "மாமா, அப்பா பூட்டாரு" என்றாள். நெஞ்சுவலியாம். கொஞ்ச நேரம் அழுதுவிட்டு அடுத்ததைச் சொன்னாள். கோதண்டம் திருப்போரூரில் தனியாக ஓர் அறையில் வாடகைக்கு இருந்தார். அந்த வீட்டுக்காரர், "பொணத்த இங்க எடுத்தாராத. அப்பால இந்த ரூமுக்கு எவன் குடி வருவான்?" என்று சொல்லிவிட்டாராம். மதுராந்தகத்தில் அவள் இருப்பதோ மாமியார் வீடு.

"நம்ம வூட்டுக்கு எடுத்துனு வா" என்றேன். நான் இருப்பதும் வாடகை வீடுதான். வீட்டுக்கார அம்மாவைக் கேட்காமலேதான் சொன்னேன்.

அப்படிச் சொல்ல எனக்கு ஏன் தைரியம் வந்தது என்பதை, கோதண்டத்தை அறியாதவர்களுக்காக எழுதுகிறேன். அறுபத்தொன்பது வயதில் எழுத்துக் கற்றவன் நான். ஒரு நாளைக்கு ஆறு வரிதான் ஓடுகிறது. ஆனாலும் ஒவ்வொரு வரியும் எனக்குச் சந்தோஷம். அழுதுகொண்டேதான் அஞ்சலி எழுத வேண்டும் என்று யார் சொன்னது?

கோதண்டம் தண்ணீர் கேன் போடுகிறவர். திருப்போரூரிலிருந்து மாமல்லபுரம் வரை அவருடைய லோடு ஆட்டோ போகாத தெரு கிடையாது. மாமல்லபுரத்தில் என் டிபன் கடைக்குக் கேன் போட வந்தபோதுதான் பழக்கம் ஆனோம். பிறகு சாலையை அகலப்படுத்தினார்கள். கடை போனது. கடைக்கு வாங்கிய கடன் மட்டும் போகவில்லை. தவணை வாங்க வருகிறவர் கேட்டில் நின்று கத்துவார். இரண்டு மாதம் பொறுத்த என் வீட்டுக்காரர், ஆனி முடிவதற்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்.

"மூஞ்சி இன்னா இப்டி கீது மச்சான்?" என்று கேட்டார் கோதண்டம். சொன்னேன். "ஏறு வண்டில" என்றார்.

கேன் வாங்காத வீடு காலி வீடு. எந்தத் தெருவில் எது காலி என்று புரோக்கருக்குத் தெரிவதற்கு முன்னால் அவருக்குத் தெரியும். எந்த வீட்டுக்காரர் கேன் தூக்கி வருகிறவனை லிஃப்டில் ஏற விடுவார், எவர் படியில் போகச் சொல்வார் என்பதும் தெரியும். படியில் போகச் சொல்கிறவர்களின் வீட்டை அவர் எனக்குக் காட்டவே இல்லை.

முதல் வீடு தண்டலத்தில். பத்து மாத அட்வான்ஸ் கேட்டார்கள். "கடன் எதாச்சும் உண்டா?" என்றார் வீட்டுக்காரர். பையன் சிங்கப்பூரில் இருப்பதாகச் சொல்ல நான் ஒரு கதை தயார் செய்திருந்தேன். எனக்குப் பையனே கிடையாது. நான் வாயைத் திறப்பதற்குள் கோதண்டம், "கடன் கீதுங்க. கட்டிகினு கீறாரு" என்றார். கேட் சாத்தப்பட்டது.

"அரிச்சந்திரன் வேஷம் ஏன்யா போட்ட?" என்று எரிந்து விழுந்தேன்.

"பொய் சொல்லி உள்ள பூந்தா, கதவு தட்டறப்பல்லாம் நடுங்கணும். நடுங்கறதுக்கு வாடகை வேற குடுப்பியா? கடன் வாங்குன, திருடல. நிமிந்து நில்லு."

இன்னும் நான்கு கேட்கள் அப்படியே சாத்தின. அவர் சளைக்கவில்லை. "ஆடி பொறக்கட்டும்" என்றார். ஆடியில் யாரும் புது வீட்டுக்குக் குடி போக மாட்டார்கள். ஆனியில் விடாத வீடு ஆடி முழுக்கப் பூட்டித்தான் கிடக்கும். அப்போது பேரம் நம் கையில் என்பது அவர் கணக்கு. என் பழைய வீட்டுக்காரரிடமும் அதையே சொன்னார்: "இவன தொரத்துனா மட்டும் ஆடியில உனுக்கு ஆள் வருமா? ஒரு வாரம் இருக்கட்டும்." அவர் முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டார்.

என் மனைவி லட்சுமிதான் மறுத்தாள். "ஆடியில பால் காச்சுனா குடும்பம் வெளங்குமாண்ணா?"

"ஆனியில காச்சுனவன்லாம் மாடி கட்டிட்டானா தங்கச்சி?" என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஆடி மூன்றாம் நாள் பையனூரில் வசந்தா அம்மா வீட்டுக்குப் போனோம். அவர் ஓய்வு பெற்ற நர்ஸ். மாடியில் அவர் இருந்தார். கீழ்வீடு வைகாசியிலிருந்து பூட்டிக் கிடந்தது. வழக்கம்போல கோதண்டம் கடனைத்தான் முதலில் சொன்னார்.

"கடன்காரன் கேட்டாண்ட வந்து கத்துனா?" என்றார் அம்மா.

"நான் வந்து நிக்கறேம்மா."

"நின்னு இன்னா பண்ணுவ?"

"நானும் கத்துவேன்."

அம்மா சிரித்துவிட்டார். இரண்டு மாத அட்வான்ஸுக்கு ஒப்புக்கொண்டார்.

மறுநாள் காலையில் பால் காய்ச்சினோம். கோதண்டம் ஒருவரைக் கூட்டி வந்தார். பார்த்தால், தவணை வாங்க வருகிற அதே ஆள். ஹெல்மெட்டைக் கழற்றாமல் வாசலிலேயே முழித்துக்கொண்டு நின்றார். கோதண்டம் அவர் கையில் பால் டம்ளரைக் கொடுத்தார். "குடி நைனா. இதான் புது வூடு. நாங்க ஓடிப் போவல. மாசா மாசம் வா. மரியாதையா வா." அந்த மனிதர் குடித்தார். அதற்குப் பிறகு அவர் கேட்டில் நின்று கத்தியதே இல்லை, பெல் அடிக்கிறார். கடனில் பாதிக்கு மேல் தீர்ந்துவிட்டது.

இப்படி எத்தனையோ பேருக்கு அவர் ஆடியில் வீடு பிடித்துக் கொடுத்தார். புரோக்கர் காசு வாங்கியதில்லை. "கேன் மட்டும் என்னாண்ட வாங்கு" என்பார்.

செல்வி போன் செய்த அன்று பத்து மணிக்கு ஆம்புலன்ஸ் வந்து நின்றது. வசந்தா அம்மா மாடியிலிருந்து இறங்கி வந்தார். "யாரக் கேட்டு இங்க எடுத்தாந்த?"

"யாரையும் கேக்கலம்மா. காலி பண்ணச் சொன்னா நாளைக்கே பண்றேன். இன்னிக்கு இவரு இங்கதான்" என்றேன். நிமிர்ந்து நின்றேன். குரல் நடுங்கவில்லை.

அம்மா வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். "யாரு, கேன்காரரா?" என்றார். உள்ளே போய் ஹாலைப் பார்த்தார். பிறகு, "ஹால் சின்னது. கட்டில வெளிய போடு. ஜனம் வரும், வழி வுடு" என்றார்.

எதிர்வீட்டுக்காரர் வந்து மெதுவாகச் சொன்னார்: "வாடகை வூட்ல சாவு எடுத்தா அப்பால ஆள் வராதும்மா."

"இவங்க காலி பண்ணாத்தானே வேற ஆள் வரணும்?" என்றார் அம்மா.

மாலையில் முன்வாசல் வழியாக எடுத்தோம். லோடு ஆட்டோக்கள் தெருமுனைவரை நின்றன. அன்றைக்குப் பையனூரில் ஒரு வீட்டுக்கும் கேன் வரவில்லை. ஒருவரும் குறை சொல்லவில்லை.

கோதண்டம், நீங்கள் யார் வாசலிலும் பதுங்கி நின்றதில்லை. கடைசிப் பயணத்துக்கும் நடுத்தெருவில், பறை முழங்க, பூ இறைத்துத்தான் உங்களை அனுப்பினோம். நிம்மதியாகப் போங்கள் மச்சான். நாங்கள் இந்த வீட்டில்தான் இருக்கிறோம்.