பிள்ளை மடுவத்துக் கமரா

லுணுகலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில், வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளை மடுவத்தில், பயிற்சி பெற்ற ஆயாவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டுக் கம்பனி, ஆபத்தென்றால் போனில் அலாரம் அடிக்கும் கமரா ஒன்றைப் பூட்டியது. அதைக் கவனிக்க வந்த அதிகாரியை ஒரேயொரு முறைதான் சந்தித்தேன். மடிப்புக் கலையாத சட்டை, கழுத்தில் அட்டை. யாரோடு பேசினாலும் கண் மட்டும் கையிலிருந்த போனில்தான் இருந்தது.

அன்று மடுவத்தில் விட்டிருந்த என் கடைசி மகனுக்குத் தொண்டையில் கடலை அடைத்துவிட்டது. தன் குழந்தைக்குப் பால் கொடுக்க வந்த ஒரு தாய்தான் அவனைக் கவிழ்த்து, முதுகில் தட்டி எடுத்தாள். நான் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவந்தபோது அவள் மடியில் அழுதுகொண்டிருந்தான். அதிகாரி அப்போதுதான் வாசலுக்கு வந்தார்.

“நீங்க எங்க இருந்தீங்க?” என்றேன்.

“ஆபீஸ்ல டீச்சர். போன்ல பார்த்துக்கிட்டுதான் இருந்தேன்.”

“ஓடி வரலையா?”

“அலாரம் அடிக்கலையே.”

“போனே வந்து முதுகுல தட்டும்னு இருந்துட்டாரு போல!” என்றாள் அந்தத் தாய்.

அவருக்கு அது உறைக்கவில்லை. “பயப்படாதீங்க டீச்சர், எல்லாம் தெளிவாப் பதிஞ்சிருக்கு. மொகம் நீலமாகுறதுகூடத் தெரியுது. காட்டட்டுமா?”

போனை என்னிடம் நீட்டினார். அதைப் பார்த்தால் எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று உண்மையிலேயே நம்பினார். ஆயாவுக்குப் பதிலாகக் கம்பனி கண்டெடுத்த மனிதர் அவர்தான்.