சும்மா எண்ணிய வரிகள்

அச்சிட்ட புரோகிராமைத் தரையில் நீளமாக விரித்துப்போட்டு, ஓரமாகக் குந்தி, பென்சிலால் வரிவரியாக அடித்துக்கொண்டே போகிறாள் அபிதகுஜாம்பாள். தாம்பரத்தில் ஒரு மாடியில் நடக்கும் சின்னக் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. மற்றவர்கள் புதிதாக எழுதுவார்கள். இவளுக்கு, யாரோ எப்போதோ எழுதி ஒழுங்காக ஓடிக்கொண்டிருப்பதைப் பிரித்து மேய்ந்தால்தான் சாப்பாடு இறங்கும்.

"வர்ற ரிசல்ட் மாறவே கூடாது சார். உள்ள இருக்கற குப்பை மட்டும் போகணும்" என்பாள். ஒரே கணக்கை மூன்று இடத்தில் எழுதியிருந்தால் ஒன்றாக்குவாள். எதற்கும் சரியாகப் பெயர் வைக்காமல் போனவனை வாயாரத் திட்டுவாள்.

முதலாளி லக்ஷ்மிநாராயணனுக்கு இது பிடிக்காது. "சும்மா கெடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. ஓடறதை ஏம்மா நோண்டறே?"

போன வாரம் அப்படித்தான் ஆயிற்று. பம்மல் தோல் தொழிற்சாலைக்கு லேபிள் அடிக்கும் புரோகிராமில், ஒவ்வொரு லேபிளுக்கும் பிறகு ஐயாயிரம் வரை வெறுமனே எண்ணும் சில வரிகள் இருந்தன. அந்த எண்ணிக்கையை யாரும் எதற்கும் எடுத்துக்கொள்வதில்லை. வெட்டி வேலை என்று தூக்கிவிட்டாள். மறுநாள் காலையில் அங்கே ஸ்டோர் பார்க்கும் ஜெயக்கொடி போன் செய்தார். "இன்னா மேடம், லேபிள்ல பாதி எழுத்தே வரல. லாரி நின்னுகினு கீது. ஒரே பேஜாராப் பூட்ச்சு."

அந்தப் பழைய பிரிண்டருக்கு ஒரு லேபிளை அடித்து முடிக்க அவகாசம் வேண்டும். வெட்டியாக எண்ணிய வரிகள்தான் அதைக் கொடுத்துவந்தன. எழுதியவன் இதை ஒரு வரியில் சொல்லித் தொலைத்திருக்கலாம்.

லக்ஷ்மிநாராயணன் கத்தவில்லை. "எப்படி இருந்ததோ அப்படியே வச்சுட்டு வா. இன்னொரு வாட்டி ஓடற புரோகிராம்ல கை வச்சா, வேலைக்கு வர வேண்டாம்." அவள் சம்பளத்தில்தான் வீடு நடக்கிறது. "சரி சார்" என்றாள்.

பஸ் பிடித்துப் பம்மல் போய், அந்த வரிகளை இருந்த இடத்திலேயே இருந்தபடி சேர்த்தாள். லேபிள்கள் முழுசாக வந்தன. ஜெயக்கொடி அவற்றை அள்ளிக்கொண்டு லாரிக்கு ஓடினார்.

அறையில் வேறு யாரும் இல்லை. வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தாள். நாற்காலியை மறுபடி இழுத்துப் போட்டுக்கொண்டு, அந்த வரிகளை அங்கிருந்து பெயர்த்துத் தனியாக வைத்து, ‘பிரிண்டருக்குக் காத்திரு’ என்று இங்கிலீஷில் பெயர் வைத்தாள். நாலைந்து லேபிள் தொடர்ந்து அடித்துப் பார்த்தாள். ஓர் எழுத்தும் குறையவில்லை. அவற்றில் ஒன்றை நாலாக மடித்துக் கைப்பையின் அடியில் திணித்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள்.