இலை போடாத நாள்

தூரப் பயணம் என்றால் தண்ணீர்ப் போத்தல்களைத் தியாகராசா தானேதான் நிரப்புவார். கிணற்றடியில் குந்தியிருந்து ஒவ்வொரு போத்தலையும் இரண்டு தரம் அலசுவார். வாளித் தண்ணீரை வெள்ளைச் சீலைத் துண்டொன்றால் வடித்து ஊற்றுவார். கழுத்துவரை வந்ததும் போத்தலின் வயிற்றை மெல்ல நசித்து உள்ளே நிற்கும் காற்றை வெளியே தள்ளுவார். வாயில் சின்னப் பொலித்தீன் துண்டொன்றை வைத்து மூடியை இறுக்குவார். பிறகு தலைகீழாகப் பிடித்து, ஒரு சொட்டு விழுகிறதா என்று மூச்சை அடக்கிக்கொண்டு பார்ப்பார். விழாவிட்டால் துவாயால் ஒற்றித் துடைத்துக் கிணற்றுக் கட்டில் வரிசையாக வைப்பார். வேற்றூர்த் தண்ணீர் தனக்கு ஒத்துக்கொள்ளாது என்பார். கதிர்காமம்வரை போய் வந்திருக்கிறார். பொலிகண்டியில் தன் வளவுக் கிணற்றுத் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீர் அவருடைய வாயில் பட்டதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைப் பயணத்துக்கு அவர் நிரப்பியவை வழக்கத்தைவிடக் கூட. வாசற்படியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த மனைவி குணலட்சுமிக்கு, கல்யாண வீட்டுக்குப் போகிறாரா, பாலைவனத்துக்குப் போகிறாரா என்று கேட்கவேண்டும்போல இருந்தது. கேட்கவில்லை. கேட்டால் பயணமே நின்றுவிடலாம்.

தியாகராசா வள்ளம் வைத்துத் தொழில் செய்தவர். இடுப்பில் நாரி வருத்தம் வந்து கடலை விட்ட பிறகு, ஊரவரின் பயணங்களை ஒழுங்கு செய்வது அவருடைய வேலை என்று ஆகிவிட்டது. ஆடி அமாவாசைக்குக் கீரிமலை, பிறகு மடு, திருக்கேதீச்சரம், கதிர்காமம். எங்கே மாடுகள் பொழுதுபட வீதியில் ஏறிப் படுக்கும், எந்த இடத்தில் மழை பிடிக்கும், எந்தக் கடையடியில் வான் வண்டியை நிறுத்தினால் பெண்களுக்கு மறைவு உண்டு என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். கடலில் காற்றைப் பார்த்ததுபோலத் தரையில் வீதியைப் பார்ப்பவர். ஆனால் கதிர்காமம் போகிற சனம் கண்டியையும் பார்த்துக்கொண்டு போவோம் என்று கெஞ்சினாலும், நான்கு வருடமாக அவர் அந்தப் பக்கம் வானைத் திருப்ப விட்டதில்லை.

கண்டியில் அவர்களுடைய ஒரே மகள் உதயகலா இருந்தாள். பேராதனைக் கம்பசுக்குப் படிக்கப் போனவள், அங்கே கூடப் படித்த யோகராஜைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, அதன் பிறகுதான் வீட்டுக்குப் போன் எடுத்தாள். யோகராஜ் வங்கியில் வேலை பார்க்கிறவன். குடிப்பதில்லை, சத்தமாகக் கதைப்பதில்லை. அவனுடைய தாயும் தகப்பனும் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்கள். அவனை ஒதுக்க அது ஒன்றே தியாகராசாவுக்குப் போதுமாக இருந்தது. மகளோடு கதைக்க வேண்டாம் என்று அவர் மனைவியைத் தடுக்கவில்லை. தான் கதைக்கவில்லை, அவ்வளவுதான்.

பிள்ளை பிறந்த செய்தியும் படமும் போனில் வந்தபோது குணலட்சுமி அதை அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"காது எங்கடை ஆக்கள்ரை" என்றார்.

இரண்டு நாள் கழித்து, தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கையில், "கண்டிக்கு ஒருக்காப் போட்டு வருவம்" என்றார். குணலட்சுமிக்கு அடுப்படியில் நின்றபடியே அழுகை வந்துவிட்டது. நான்கு வருடமாக அவளுக்கு இருந்தது ஒரே ஆசைதான். மகள் குடித்தனம் நடத்துகிற வீட்டில் சம்மணம் கட்டி இருந்து, அவள் கையால் ஒரு வேளை சோறு. இந்தப் பக்கத்தில் சம்பந்தி வீட்டில் கை நனைத்தால்தான் உறவு. எத்தனை தரம் போய் வந்தாலும், கை நனைக்காதவரை அந்தக் கல்யாணத்தை ஏற்றுக்கொள்ளவில்லை என்றுதான் பொருள்.

"முப்பத்தொராம் நாளுக்கே போவம், என்ன? பேர் வைக்கேக்கை நாங்களும் நிண்டால் பிள்ளைக்கும் நல்லது."

தியாகராசா சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தார்.

"அதுக்கு ஒரு கிழமை முந்தி வாற ஞாயிறு போறம். அண்டைக்கே திரும்புறம்."

"ஏனப்பா? ஒரு கிழமைதானே, பொறுத்துப் போகலாம்."

"முப்பத்தொண்டுக்குப் போனால் இலை போடுவாங்கள்."

குணலட்சுமிக்கு அப்போதுதான் விளங்கியது. பிள்ளை பிறந்த வீடு முப்பத்தொரு நாளைக்குத் துடக்கு வீடு, தீட்டு வீடு. பார்க்கப் போகிறவர்கள் பிள்ளையைப் பார்ப்பார்கள், கையில் எதையாவது வைப்பார்கள், திரும்பி வந்து தலையில் தண்ணீர் வார்ப்பார்கள். அங்கே ஒரு வாய் தண்ணீரும் குடிப்பதில்லை. குடிக்கச் சொல்லி அந்த வீட்டாரும் கேட்பதில்லை. யாருக்கும் குறை இல்லை, யாருக்கும் கோபம் இல்லை. பேரப்பிள்ளையைப் பார்க்கவும் வேண்டும், அந்த வீட்டில் கை நனைக்கவும் கூடாது. இரண்டையும் சேர்த்து முடிகிற நாள் ஒன்றைத் தேடி எடுத்திருந்தார் தியாகராசா. மீன்படும் இடத்தைக் கண்டுபிடித்த ஆளின் நிறைவு அவருடைய முகத்தில் இருந்தது.

வான்காரன் நிருஷன் பக்கத்து ஒழுங்கையில் இருக்கிறவன். கூப்பிட்டதும் வந்து முற்றத்தில் கதிரையைப் போட்டு இருந்தான்.

"அம்மான், பகிடி விடுறியளோ? கண்டிக்குப் போய் அண்டைக்கே திரும்புறதோ?"

"ஏன், உன்ரை வான் திரும்பாதோ?"

"வான் திரும்பும். நான்தான் வழியிலை நித்திரையாப் போவன்."

"நான் பக்கத்திலை இருந்து கதைச்சுக்கொண்டு வருவன்."

"ஐயோ, அது வேறை தண்டனை. மாமி, நீங்களாவது சொல்லுங்கோவன். ஒரு இரவு நிண்டு, வெள்ளென எழும்பி வந்தால் என்ன? மகள்ரை வீடுதானே?"

குணலட்சுமி கணவனைப் பார்த்தாள். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "நிக்கிறேல்லை" என்றார். பிறகு குரல் மாறிப் பயணத்தை விரிக்கத் தொடங்கினார். "ஆனையிறவிலை விடியவேணும். வவுனியாவிலை பிளாஸ்க்கிலை கொண்டு போற தேத்தண்ணி. நாவுலவிலை ஒரு பெரிய மரம் நிக்குது, அதுக்குக் கீழை நிப்பாட்டிச் சோத்துப் பார்சலைச் சாப்பிடுறம். சாப்பிட்டிட்டுத்தான் மலை ஏறுறது. திரும்பேக்கை பொழுதுபட முந்தி மதவாச்சி தாண்டவேணும்."

"சோறு, தேத்தண்ணி எல்லாம் இஞ்சையிருந்தோ? அப்ப கிணத்தையும் கிண்டி வானுக்குப் பின்னாலை ஏத்துவமே, அம்மான்?"

"ஏத்தேலுமெண்டால் ஏத்துவன்" என்றார் தியாகராசா. நிருஷன் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை.

அன்று பின்னேரம் குணலட்சுமி மகளுக்குப் போன் எடுத்து நாளைச் சொன்னாள்.

"அந்த ஞாயிறோ? முப்பத்தொண்டுக்கு முந்தியோ, அம்மா?"

"ஓம் பிள்ளை. கொப்பர் அப்பிடித்தான் நாள் பார்த்தவர்."

"சரி, வாங்கோ" என்றாள் உதயகலா. குழந்தையின் சிணுங்கல் கேட்டது. "அப்பாவைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு வாங்கோ."

பயணம் அவர் போட்ட கணக்குப்படியே நடந்தது. ஆனையிறவில் உப்பளத்துக்கு மேலே வெளித்தது. நாவுலவில் அந்த மரம் அப்படியே நின்றது. குணலட்சுமிக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு வாய் உண்டுவிட்டுப் பார்சலை மடித்தாள். மடியில் பிள்ளை பெற்ற மகளுக்கென்று இடித்த காயச்சரக்கு மருந்தும், பிள்ளைக்குச் செய்வித்த பஞ்சாயுதப் பதக்கமும் இருந்தன. மாத்தளை தாண்டியதும் தூறல் பிடித்தது. மலைகள் ஒன்றின் முதுகில் ஒன்று ஏறி, வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு நின்றன. கடலைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு எங்கே பார்த்தாலும் ஏதோ ஒன்று வந்து முட்டியது.

யோகராஜின் வீடு படிக்கட்டு ஏறிப் போகிற வீடு. வாசலுக்கு வந்ததுமே குணலட்சுமி கண்டுகொண்டாள். நிலையில் மாவிலைத் தோரணம். அதன் நுனிகள் இலேசாகச் சுருளத் தொடங்கியிருந்தன. கழுவின தரை. உள்ளேயிருந்து சாம்பிராணியும், அதற்கு மேலாக யாழ்ப்பாணத் தூள் போட்டுக் காய்ச்சிய மீன்குழம்பும் மணந்தன. துடக்கு வீடு இப்படி இருக்காது. திரும்பிப் பார்த்தாள். தியாகராசாவும் தோரணத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க சம்மந்தி, வாங்க வாங்க" என்று யோகராஜின் தாய் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தார். "முந்தாநாளே ஐயர் வந்து தீட்டுக் கழிச்சிட்டாரு. வீடு சுத்தம். நீங்க மனசு கோணாம சாப்பிடலாம்."

"ஓ... கழிச்சாச்சோ?" என்றார் தியாகராசா.

உதயகலா குழந்தையோடு அறை வாசலில் நின்றாள். மெலிந்திருந்தாள். தாயைப் பார்க்காமல் தகப்பனின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் கிட்டப் போய்க் குழந்தையை வாங்கினார். பெரிய மீனைத் தூக்குகிற கைகள், எங்கே பிடிப்பதென்று தெரியாமல் தடுமாறின. காதை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். அந்தக் கொஞ்ச நேரத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று குணலட்சுமி நம்பினாள்.

யோகராஜ் பாய் விரித்து இலைகளைப் போட்டுத் தண்ணீர் தெளித்தான். "மாமா, உக்காருங்க" என்றான்.

"அப்பா, ஒரு வாய்" என்றாள் உதயகலா.

"வழியிலை சாப்பிட்டிட்டம் பிள்ளை. வயிறு நிறைஞ்சு போச்சு."

நான்கு வருடத்துக்குப் பிறகு அவர் அவளைப் பிள்ளை என்று கூப்பிட்டார். அந்தச் சொல்லும் மறுப்பும் ஒரே மூச்சில் வந்தன.

"கொஞ்சம் பாயசமாவது?"

"எனக்குச் சீனி வருத்தமெல்லே."

உதயகலா தாயின் பக்கம் திரும்பினாள். "அம்மா, நீங்கள்?"

குணலட்சுமிக்கு வயிறு வெறுமையாகக் கிடந்தது. இலை காலடியில் இருந்தது. இரண்டு அடி எடுத்து வைத்து இருந்துவிட்டால் போதும். அவள் வாயைத் திறக்குமுன் தியாகராசா சொன்னார்: "கொம்மாவும் சாப்பிட்டவதான்." குணலட்சுமி தலையாட்டினாள். ஏன் ஆட்டினோம் என்று அவளுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

"எனக்குப் போடுங்கோ அக்கா" என்று நிருஷன் முன்னால் வந்தான். "அம்மான்ரை கதையைக் கேட்டுக் கேட்டுப் பசி கூடிப்போச்சு." யாரும் சிரிக்கவில்லை. யோகராஜின் தாய் அவனைக் குசினிக்குள் கூட்டிப்போய்ச் சோறு போட்டார். தியாகராசா தன் போத்தலைத் திறந்து, அண்ணாந்து, பொலிகண்டித் தண்ணீரைக் குடித்தார்.

புறப்படும்போது குணலட்சுமி பஞ்சாயுதத்தைப் பிள்ளையின் கழுத்தில் கட்டினாள். காயச்சரக்கை எப்படிக் காய்ச்சுவது என்று தேவையில்லாமல் இரண்டு தரம் சொன்னாள். படியில் இறங்கித் திரும்பிப் பார்த்தபோது உதயகலா பாயில் குனிந்திருந்தாள். சோறு படாத இலையை எந்தப் பக்கம் மடிப்பது என்று தெரியாதவள்போல அதைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

தம்புள்ளை தாண்டியதும் வானுக்குள் தியாகராசா கதைக்கத் தொடங்கினார்.

"பார்த்தியே, துடக்கு முடிய முந்தியே கழிச்சுப் போட்டாங்கள். முறை தெரியாத சனம். உதுக்குத்தான் நான் அப்பவே சொன்னனான்."

நிருஷன் கண்ணாடியில் ஒரு தரம் பார்த்துவிட்டு வீதியைப் பார்த்தான். குணலட்சுமி சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு யன்னலோரம் சாய்ந்திருந்தாள். மதவாச்சியைப் பொழுதுபடுமுன் தாண்டினார்கள். வீட்டுக்கு வந்ததும் தியாகராசா, துடக்குக் கழிந்த வீட்டுக்குப் போய் வந்தவர் என்பதையே மறந்தவர்போல, கிணற்றடியில் நின்று வாளி வாளியாகத் தலையில் வார்த்தார்.

அந்தக் கதையை அவர் கன நாளாகக் கோயிலடியில் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரே நாளில் கண்டிக்குப் போய் வந்த கெட்டித்தனம் பாதி, முறை தெரியாத சம்பந்திகள் பாதி. கேட்டவர்கள் சிரித்தார்கள். உதயகலா முதலில் ஒவ்வொரு பின்னேரமும் போன் எடுத்தாள். பிறகு ஞாயிறுகளில். பிறகு படங்கள் மட்டும் வந்தன.

பேரனின் முதலாம் பிறந்தநாள் கிட்டியபோது குணலட்சுமி தானாகவே கேட்டாள். "நாங்கள் வரட்டோ பிள்ளை? இந்த முறை நிண்டு வருவம். நான் கொப்பரோடை கதைக்கிறன்."

"வேண்டாம் அம்மா" என்றாள் உதயகலா. குரலில் கோபமில்லை. "தூரம். அப்பாவுக்கு ஏலாது."

அடுத்த கிழமை குணலட்சுமி கண் கிளினிக்குக்காக நிருஷனின் வானில் மந்திகை ஆஸ்பத்திரிக்குப் போனாள். மகள் வரவேண்டாம் என்று சொன்னதை அவனிடம் சொல்லிக் குறைப்பட்டாள். "அவளுக்கும் அந்த வீட்டாக்கள்ரை குணம் வந்திட்டுது" என்றாள். நிருஷன் வானை ஓரமாக நிறுத்தினான்.

"மாமி, அண்டைக்கு எனக்குச் சோறு போடேக்கை அந்த மனுசி ஒரு கதை சொன்னவ. அம்மானுக்கு முன்னாலை சொல்ல மனம் வரேல்லை. பிறகு ஏன் சொல்லுவான் எண்டு விட்டிட்டன்."

யோகராஜின் வீட்டாருக்கும் தீட்டு முப்பத்தொரு நாள்தான். முந்திக் கழிக்கக் கூடாது என்று அந்த மனுசி மருமகளோடு சண்டை பிடித்திருக்கிறார். கண்டி ஐயரும் மறுத்துவிட்டார். பொலிகண்டியிலிருந்து நாளைச் சொல்லிப் போன் வந்த அன்றே யோகராஜை மாத்தளைக்கு அனுப்பி வேறொரு ஐயரை ஒழுங்கு செய்வித்து, அப்பா வருவதற்கு முதல் வீட்டுத் துடக்கைக் கழிக்கச் செய்தவள் உதயகலா.