மாப்பிள்ளைக்கு எதிராக ஒரு ஓட்டு

என் கணவர் சென்னையில் ஒரு கம்பெனியில் பெரிய மேனேஜர். அந்தப் பெருமை தாங்காமல், கச்சிராயபாளையத்தில் கரும்பு போட்டுக்கொண்டிருந்த என் அப்பா அந்தக் கம்பெனியின் பங்குகளைக் கொஞ்சம் வாங்கி வைத்தார். டவுன் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம்கூட, "எம் மாப்ள கம்பெனில எனக்கும் பங்கு இருக்குது" என்பார்.

நான் ஊருக்குப் போயிருந்த சமயம், பங்குதாரர்களிடம் ஓட்டுக் கேட்டுத் தபால் வந்தது. மேலதிகாரிகளுக்குச் சம்பளத்தோடு ஸ்டாக் ஆப்ஷனும் தரப் போகிறார்களாம். என் கணவருக்கும் உண்டு. நான்தான் படித்துச் சொன்னேன். சில வருஷம் கழித்துப் பங்கு எவ்வளவு விலை ஏறியிருந்தாலும், அவர்கள் இன்றைய விலைக்கே வாங்கிக்கொள்ளலாம். அதற்காகப் புதிதாகப் பங்கு வெளியிடுவார்கள்.

"விலை ஏறணும்னு அவங்களும் நல்லா உழைப்பாங்க இல்லப்பா?" என்றேன்.

"அது சரிம்மா. லாபத்தப் பிரிக்கிறப்ப மத்தவங்களுக்குக் கம்மியாவுமா?"

"கொஞ்சம் ஆகும்பா."

அப்பா யோசித்துக்கொண்டே இருந்தார். பிறகு 'எதிர்க்கிறேன்' என்பதில் டிக் அடித்து உறையை ஒட்டிவிட்டார். எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கு அவரோடு பேசவே இல்லை. மாப்பிள்ளைக்கு எதிரில் உட்காரக்கூடத் தயங்குகிற மனிதர் அவர்!

அப்பாவின் ஓட்டு எந்த மூலைக்கு? தீர்மானம் சுலபமாக நிறைவேறியது. சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் பொங்கலுக்கு வந்த மாப்பிள்ளை இலையில் கை வைத்ததும், அப்பா எதிரே வந்து நின்றார்.

"மாப்ள, அந்தப் பங்கு சமாச்சாரத்துக்கு நான் வேணாம்னு ஓட்டுப் போட்டுட்டேங்க."

அம்மாவின் கையில் குழம்புக் கரண்டி அப்படியே நின்றது. பாதி இலையில் எழுந்துவிட்டால் இவர் மறுபடி இந்த வீட்டு வாசலை மிதிப்பாரா?

"உங்களுக்குன்னா எம் பங்கு மொத்தத்தையும் எழுதிக் குடுத்துர்றேங்க. ஆனா இதுல முகந்தெரியாதவங்க பங்கும் கொறையுது. அத நான் எப்டிங்க எடுத்துக் குடுக்கறது?" என்றார் அப்பா.

என் கணவர் குனிந்தபடி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு நிமிர்ந்தார்.

"என் மூஞ்சிக்கு நேரா சொன்னது நீங்க ஒருத்தர்தான் மாமா. குழம்பு ஊத்துங்க."

அப்பா யாருக்கும் பரிமாறி நான் பார்த்ததில்லை. அம்மாவிடமிருந்து கரண்டியை வாங்கினார். பழக்கமில்லாமல் பாதிக் குழம்பைத் தரையில் ஊற்றினார். அந்த நிமிஷம் இரண்டு பேர் மேலேயும் எனக்கு அவ்வளவு பிரியம் வந்தது. என் கணவர் இலையை அப்பாவின் பக்கம் நகர்த்திக் கொடுத்தார்.